துல்லியமா, கால்வலுவா? புதிய கிக்கரைத் தேர்ந்தெடுக்க ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். ஒஹாயோவில் என் மகன் படிக்கும் பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு ஆட்டக் குறிப்புகள் எடுத்துத் தருகிறேன். இப்போதைய கிக்கர் (பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பவர்) படிப்பை முடித்துச் செல்வதால், மாற்று ஆளைப் பற்றிப் பயிற்சியாளர் என் கருத்தைக் கேட்டிருக்கிறார்.

ஒருவர் 35 யார்டுக்குள் அநேகமாகத் தவறவிடுவதில்லை. அதைத் தாண்டினால் பந்து கோல் கம்பத்தை எட்டுமுன் தாழ்ந்துவிடுகிறது. மற்றவருக்கு 45 யார்டும் எளிது, ஆனால் ஊன்றுகாலின் முனை சற்றே இடப்பக்கம் திரும்பினாலும் பந்து அந்தப் பக்கமே போய்விடுகிறது.

தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் கோல் கம்பங்களுக்கு இடையே 18 அடி 6 அங்குலம்தான். பள்ளி ஆட்டத்தில் 23 அடி 4 அங்குலம் இருப்பதால் சிறு விலகலுக்கு இடமுண்டு. மேலும், நம் 40 யார்டு கோட்டிலிருந்து உதைக்கும் கிக்ஆஃப் (ஆட்டத்தைத் தொடங்கும் உதை) எதிரணியின் கோல் கோட்டுக்குப் பின்னுள்ள எண்ட் ஸோனுக்குள் விழுந்தால் அவர்கள் பந்தைத் திருப்பி எடுத்து ஓட முடியாது, தங்கள் 20 யார்டு கோட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். கம்பங்களுக்கு இடையே செலுத்த முயன்று தவறிய நீண்ட உதை (ஃபீல்டு கோல்) எண்ட் ஸோனை எட்டினாலும் அதே கதைதான். ஆகவே என் மனம் வலுவின் பக்கம் சாய்கிறது. (கல்லூரியில் துல்லியத்துக்குப் பேர்போன கிக்கர் ராபர்ட்டோ அகுவாயோவை 2016-இல் புதிய வீரர்கள் தேர்வின் இரண்டாம் சுற்றில் எடுத்த என்எஃப்எல்லின் டாம்பா பே அணி, மறு ஆண்டே விடுவித்தது.)

ஆனால் டச்டவுனுக்கு (பந்தை எண்ட் ஸோனுக்குள் கொண்டு சேர்ப்பது) பின் உதைத்து எடுக்கும் ஒரு புள்ளி அடிக்கடி வருவது. அதைத் தவறவிட்டால் ஆட்டமே கைநழுவலாம். கிக்ஆஃபை ஒருவருக்கும் ஃபீல்டு கோலை மற்றவருக்கும் பிரித்துக் கொடுத்த அனுபவம் உங்களில் யாருக்கேனும் உண்டா? எதிரணி பாய்ந்து வரும் நெருக்கடியில் இருவரையும் எந்தத் தூரங்களில், எப்படிச் சோதிப்பது என்றும் சொல்லுங்கள்.