தீர்க்கதரிசனம் சொல்வதைக் குறிக்கும் ப்ராஃபசை என்ற ஆங்கில வினைச்சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வரும்?

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் இருந்து எழுதுகிறேன். வரும் ஞாயிறு எங்கள் சபையின் ஆங்கில ஆராதனையில் அப்போஸ்தலர் 11:28 பற்றி மூன்று நிமிடம் சொந்த வார்த்தையில் பேச வேண்டும். அகபு என்ற தீர்க்கதரிசி பெரிய பஞ்சம் வரும் என்று சொன்ன இடம். "ஹி ப்ராஃபசைட் தெம் எ ஃபேமின்" என்று எழுதினேன். பார்த்துக்கொடுத்த அக்கா தவறு என்று கோடு போட்டுவிட்டார், ஏன் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

நான்கு நாளாக இதோடுதான் இருக்கிறேன். அகராதி பார்த்தாயிற்று: பெயர்ச்சொல்லில் 'சி' எழுத்து, உச்சரிப்பு ப்ராஃபசி, வினையில் 'எஸ்', கடைசியில் சை என்று முடியும். அதுவரை சரி. அப்புறம் பழைய ஆங்கில வேதாகமத்தைப் புரட்டினேன், குழப்பம்தான் கூடியது. எசேக்கியேல் 37-இல் எலும்புகளுக்குச் சொல்லும்போது 'அப்பான்', காற்றுக்குச் சொல்லும்போது 'அன்டூ', அடுத்த அதிகாரத்தில் கோகு என்ற எதிரிக்கு விரோதமாகச் சொல்லும்போது 'அகெய்ன்ஸ்ட்'. தமிழில் நமக்கு 'தீர்க்கதரிசனம் சொன்னார்' என்ற ஒன்றே போதும், யாரிடம் என்பதை உருபு பார்த்துக்கொள்ளும். ப்ரெடிக்ட் போட்டுத் தப்பிக்கலாம்தான், ஆனால் அது மழை வரும் என்று சொல்வதுபோல் இருக்கிறது. தேவன் உணர்த்திச் சொன்னது என்ற கனம் எனக்கு வேண்டும்.

"பஞ்சம் வரும் என்று அவர் மக்களுக்குத் தீர்க்கதரிசனம் சொன்னார்" என்பதை ப்ராஃபசை வைத்து இன்றைய ஆங்கிலத்தில் எப்படி எழுத வேண்டும்?