நானோ கூலன்ட் ஊற்றிய பிறகு சூடு கூடிவிட்டது: என்ன செய்யலாம்?

பாளை எடிட்டர்:
முருகன்குறிச்சியில் ஏசி இல்லாத சின்ன அறையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். கம்ப்யூட்டருக்கு லிக்விட் கூலிங்; பிராசசர் மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கும் பிளாக், அதைக் காற்றில் விடும் ரேடியேட்டர் இரண்டும் செம்பு. பொங்கல் சமயத்தில் பழைய கூலன்டை இறக்கிவிட்டு, நானோ துகள் கலந்த வெள்ளைக் கூலன்டை ஊற்றினேன். அப்போது ரெண்டர் ஓடும்போது பிராசசர் 68 டிகிரி. இப்போது பிற்பகலில் 95. அக்னி நட்சத்திரம்தானே என்று தேற்றிக்கொண்டேன், விடியற்காலையிலும் 86! பிராசசருக்கும் பிளாக்குக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்டை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. டேங்கின் அடியில் சுண்ணாம்பு தெளிந்தது போல ஒரு படிவு. இன்னும் அடர்த்தியான நானோ கூலன்ட் வாங்கலாமா?

மேலப்பாளையம் சர்வீஸ்:
வாங்காதீர்கள் அண்ணாச்சி, கோளாறே அதுதான். ரேடியேட்டருக்குள் போகும் குழாயையும் வெளியே வரும் குழாயையும் தொட்டுப் பாருங்கள்.

பாளை எடிட்டர்:
போகும் குழாய் நன்றாகச் சுடுகிறது, வரும் குழாய் சுடவில்லை. டேங்கில் முன்பு சுழித்து விழும்; இப்போது வடிகிறது.

மேலப்பாளையம் சர்வீஸ்:
ஓட்டம் குறைந்துவிட்டது, பிளாக் அடைத்திருக்கிறது. அதற்குள் செம்புத் தட்டில் சீவிய வரிகளுக்கு நடுவே அரை மில்லிமீட்டர்கூட இடைவெளி இராது. துகள் பிரிந்து மிதக்கும்வரைதான் நானோ, ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் வெறும் சேறு. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கூலன்டை இறக்கி, பிளாக்கைத் திறந்து குழந்தைகளின் பல் பிரஷ்ஷால் வரிகளின் போக்கிலேயே தேயுங்கள். ரப்பர் வளையம் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். பிறகு டிஸ்டில்டு வாட்டர் விட்டு, பம்பை மட்டும் ஓட்டி, வெள்ளை போகும்வரை அலசுங்கள். தாமிரபரணியே ஆனாலும் குழாய்த் தண்ணீர் ஆகாது, உப்பு படியும்.

அம்பை வாத்தியார்:
நானோ துகள் கலந்த திரவத்துக்கு 'நானோஃப்ளூயிட்' என்று 1995-இல் பெயரிட்டவர் அமெரிக்காவின் அர்கோன் ஆய்வகத்து ஸ்டீபன் சோய். கணக்கு எளிது: தண்ணீரின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 0.6, அதே அலகில் செம்புக்கு சுமார் 400. தூளைக் கலந்தால் கடத்துதிறன் உயர்வது உண்மைதான். ஆனால் பிசுக்கும் கூடும், பம்ப் திணறும். உங்கள் கம்ப்யூட்டரில் வெப்பம் முட்டிக்கொண்டு நிற்பது ரேடியேட்டருக்கும் காற்றுக்கும் நடுவில். திரவத்தை மாற்றி அங்கே பெரிதாக எதுவும் சாதிக்க முடியாது. அறை 38 டிகிரி என்றால் அதற்குக் கீழே எந்தக் கூலன்டும் இறக்காது. கடைகளில் விற்கும் பால்நிறக் கூலன்டில் துகள் பெரும்பாலும் அழகுக்குத்தான். தெளிந்த கூலன்டுக்கே திரும்பிவிடுங்கள்.

பாளை எடிட்டர்:
திறந்தேன். வரிகளே தெரியவில்லை, மாவு பூசியதுபோல் இருந்தது. நான்கு முறை அலசித் தெளிந்த கூலன்ட் ஊற்றினேன். நேற்றுப் பிற்பகல் 79. இருவருக்கும் நன்றி. மகளுக்குப் புதுப் பல் பிரஷ் வாங்கக் கடைக்குக் கிளம்புகிறேன்.