ரங்கூன் வீடு (குடும்பக் குழு): பெரிய தாத்தாவின் திதி

ஞாயிறு

நான், 11:42
ரங்கூன் பக்கத்தில் தௌக்கியான் போர்க் கல்லறைக்கு வந்திருக்கிறேன். பெரிய தாத்தா பெயர் இருக்கிறது!
📷 படம்

பெரியப்பா, 11:44
எங்கே இருக்கிறது? எழுத்து சின்னதாகத் தெரிகிறதே.

நான், 11:51
மூன்றாவது வரி, பெரியப்பா. 27,000 பேர் பெயர் வெட்டிய பெரிய தூண்களில்தான் முதலில் தேடினேன். உடல் கிடைக்காதவர்கள் பெயரெல்லாம் அங்கே. ஒரு மணி நேரம் பார்த்தும் இல்லை. புல் வெட்டிக்கொண்டிருந்த பர்மாக்காரர் ஒருவர், "இந்துவா? அப்படியென்றால் இந்தப் பக்கம் வா" என்று கூட்டிப்போனார். தகனம் செய்யப்பட்டவர்களுக்குத் தனியாக ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். அதில் மதராஸ் சாப்பர்ஸ் (பாலம், பாதை போடும் பட்டாளப் பிரிவு) வரிசையில் நம் பெரிய தாத்தா.

பெரியப்பா, 11:52
தகனமா? நன்றாகப் பார்த்தாயா?

நான், 11:53
நான்கு முறை படித்தேன், பெரியப்பா.

பெரியப்பா, 12:10
அப்பாயி சாகும்வரை புலம்பியது இது ஒன்றைத்தான். "என் பிள்ளையை ஆத்தங்கரையில் நரி தின்றிருக்கும், கொள்ளி வைக்க ஆளில்லை" என்பார். ஐராவதியைக் கடக்கும்போது இறந்தார் என்று ஒரு தாள் வந்ததோடு சரி. அதையும் கரையான் தின்றுவிட்டது.

சென்னை அத்தை, 12:14
கொள்ளி வைத்த பிள்ளைகள் யாரோ, அவர்கள் குலம் நன்றாக இருக்கட்டும். எனக்குக் கை நடுங்குகிறது.

தம்பி, 12:20
அத்தை, தாத்தாவும் பெரிய தாத்தாவும் போலீஸ் என்றுதானே சொல்வீர்கள்? வீட்டுப் படத்திலும் அரைக்கால் சட்டை, காலில் பட்டி, இடுப்பில் லத்தி. பெரிய தாத்தா எப்படிப் பட்டாளத்துக்குப் போனார்?

பெரியப்பா, 12:31
இருவரும் ரங்கூனில் கான்ஸ்டபிள்கள். 1941 டிசம்பர் 23-ல் முதல் குண்டு விழுந்தது. மார்ச் 8-ல் ஜப்பான்காரன் ஊருக்குள் வந்துவிட்டான். அதற்கு முன்பே பெரியவர் தமு வழியாக நடந்தே இந்தியா போய், அங்கே சாப்பர்ஸில் சேர்ந்தார். அப்பாயிக்கு நடக்க முடியாது. அதனால் அப்பா இங்கேயே தங்கிவிட்டார். அப்புறம் நேதாஜி படையில் சேர்ந்தார்.

மோரே சித்தப்பா, 12:36
அந்தப் பாதையில்தான் நான் குடியிருக்கிறேன். எல்லையைத் தாண்டினால் தமு. 1944-ல் நேதாஜி படையும் மணிப்பூருக்குள் வந்து, ஏப்ரல் 14-ல் மொய்ராங்கில் கொடி ஏற்றியது. அப்பாவை ரங்கூனிலேயே காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள். அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் துப்பாக்கி தூக்காமல் அந்த ஆத்தாதான் காப்பாற்றினாள்.

சென்னை அத்தை, 12:58
1965-ல் நான் கப்பலேறும் முந்தின ராத்திரி அப்பா என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன். 1945 ஏப்ரல் கடைசியில் நேதாஜி கிளம்பிவிட்டார், ஜப்பான்காரனும் ஓடிவிட்டான். வெள்ளைக்காரன் மே 3-ல்தான் வந்தான். நடுவில் ஊரில் போலீஸே கிடையாது. நம் தமிழர் ஜெனரல் லோகநாதன்தான் 5,000, 6,000 பேரை வைத்துக்கொண்டு கொள்ளை நடக்காமல் பார்த்துக்கொண்டார். அப்பா தன் பழைய போலீஸ் விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, முன்பு டூட்டி பார்த்த அதே மூலையில் போய் நின்றாராம். உடம்பில் நேதாஜி படை உடுப்பு, வாயில் போலீஸ் விசில். ராத்திரி விசில் சத்தம் கேட்டால்தான் ஜனங்கள் கண்ணை மூடினார்களாம். அதற்கப்புறம் அவர் காக்கி உடுத்தவே இல்லை, பால் வியாபாரம்தான்.

பெரியப்பா, 13:05
அந்த விசில் இங்கேதான் இருக்கிறது. பித்தளை கறுத்துவிட்டது. உள்ளே இருக்கும் கட்டை உருண்டை இன்னும் ஆடுகிறது.
📷 படம்

நான், 13:20
நடு மண்டபத்தில் "சுதந்திர மனிதர் அனைவருக்காகவும் உயிர் நீத்தனர்" என்று ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குருமுகியில் வெட்டியிருக்கிறார்கள். தமிழ் இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. பெரிய தாத்தா பெயரைத் தமிழில் மூன்று முறை சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.
இன்னொன்று. பதிவேட்டில் தேதி இருக்கிறது: 1945 பிப்ரவரி 14.

மோரே சித்தப்பா, 13:24
அன்றைக்குத்தான் பகான் பக்கம் நியாங்குவில் ஆற்றைக் கடந்தார்கள். அங்கே அகலம் ஒரு மைலுக்கு மேல்.

சென்னை அத்தை, 13:26
தேதி கிடைத்துவிட்டதா! இத்தனை வருஷமும் நாள் தெரியாமல் ஆடி அமாவாசைக்குப் பொதுவாகத்தானே எள்ளும் தண்ணீரும் இறைத்தோம். இரு, பழைய பஞ்சாங்கக் கணக்கு பார்க்கச் சொல்கிறேன்.

சென்னை அத்தை, 14:47
12-ம் தேதி அமாவாசை. ஆகவே 14-ம் தேதி மாசி வளர்பிறை துவிதியை. எல்லோரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, 14:49
எழுதிக்கொண்டேன், அத்தை.

பெரியப்பா, 15:02
அடுத்த ஞாயிறு என்னையும் தௌக்கியானுக்குக் கூட்டிப் போ. காலை 6 மணிக்கே தயாராக இருப்பேன். முழங்கால் வலி என்று யாரும் தடுக்க வேண்டாம். விசிலைப் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவருகிறேன். அண்ணன் பெயருக்கு முன்னால் தம்பியுடையதும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.