கேட்டிலிருந்து போர்டிகோ வரை: காங்கிரீட்டா, பேவர் பிளாக்கா?

கரிசல்வாசி: கோவில்பட்டி பக்கம் வீடு. கேட்டுக்கும் போர்டிகோவுக்கும் நடுவே 20 அடி நீளம், 10 அடி அகலம், சுத்தமான கரிசல். மழை பெய்தால் கார் டயர் புதைகிறது. ஆள் வைக்காமல் நானும் தம்பியுமே தளம் போடலாம் என்றிருக்கிறோம். எது நல்லது?

கொத்தனார் மகன்: காங்கிரீட்தான், யோசிக்கவே வேண்டாம். 4 அங்குலக் கனத்துக்கு 67 கன அடி வரும். 1:1½:3 கலவைக்குச் சிமென்ட் 15 மூட்டை, எம்-சாண்ட் 28 கன அடி, முக்கால் அங்குல ஜல்லி 56 கன அடி. வாடகைக்கு மிக்சர் எடுங்கள், ஒரே நாளில் முடிந்துவிடும்.

ஓடுமழை: இரண்டு பேர் ஒரே நாளில் 15 மூட்டையா? அண்ணே, நீங்கள் ஆள் வைத்து வேலை வாங்குகிறவர், அதனால் சொல்கிறீர்கள். பேவர் என்றால் இந்த ஞாயிறு பாதி, அடுத்த ஞாயிறு மீதி. கரிசல் மழையில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மேலே கிடக்கிற காங்கிரீட்டும் சேர்ந்து வெடிக்கும். பேவரில் இறங்கின இடத்தை மட்டும் பெயர்த்து, மணல் போட்டுத் திரும்ப அடுக்கிக்கொள்ளலாம்.

கொத்தனார் மகன்: ஒரே பாளமாகப் போடச் சொன்னது யார்? குறுக்கே பலகை அடைத்து மூன்று கட்டமாகப் பிரியுங்கள். கட்டத்துக்கு 5 மூட்டைதான், நடுவில் சில நாள் விட்டுக்கூடப் போடலாம். விரிசல் வந்தாலும் அந்த இணைப்பிலேயே வரும். உங்கள் பேவரில் இடுக்கு வழியாகத் தண்ணீர் நேரே கரிசலுக்குள் இறங்குமே, மண்ணை உப்ப வைப்பதே அந்தத் தண்ணீர்தானே தம்பி?

ஓடுமழை: அடித்தளம் சரியாக இருந்தால் வராது. ஒரு அடி கரிசலை வெட்டி எடுத்துவிட்டு, கிராவலை இரண்டு படையாகப் போட்டு, தண்ணீர் தெளித்து இயந்திரத்தால் கெட்டிக்க வேண்டும். கையால் இடிக்கிற திமிசுக்கட்டை பத்தாது. மேலே ஒன்றரை அங்குலம் மணல், அதன் மேல் 60 மி.மீ. கனமுள்ள பேவர் கல். தண்ணீர் லாரி உள்ளே வருமென்றால் 80. ஓரக்கல்லைச் சிமென்ட் வைத்து இறுக்காவிட்டால் மொத்த வரிசையும் மெல்ல மெல்ல வெளியே நகர்ந்துவிடும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

கொத்தனார் மகன்: ஒரு அடி வெட்டினால் 200 கன அடி மண். அதை எங்கே கொட்டுவார்கள்? ஜேசிபி வந்துவிட்டால் அப்புறம் எங்கே சொந்தக் கை வேலை?

ஓடுமழை: அப்போது கரிசல் மேலேயே காங்கிரீட்டை ஊற்றச் சொல்கிறீர்களா?

கொத்தனார் மகன்: அப்படிச் சொல்லவில்லை. வெட்டத்தான் வேண்டும். ஆனால் கம்பி வலை போட்ட காங்கிரீட் கொஞ்சம் குறையைத் தாங்கும். பேவர் தாங்காது, டயர் தடத்தில் பள்ளம் விழுந்துவிடும்.

கிணற்றடி: இரண்டு பேரும் மொத்த இடத்தையும் மூடுவதிலேயே இருக்கிறீர்கள். டயர் ஓடுகிற இரண்டு தடத்துக்கு மட்டும் 2 அடி அகலத்தில் காங்கிரீட் போடுங்கள், 6 மூட்டையில் முடியும். நடுவே ஜல்லி. மழைநீர் சேகரிப்பை 2003-லேயே கட்டாயமாக்கியும், வாசல் தண்ணீரை முழுக்கத் தெருவுக்குத்தான் விடுகிறோம்.

கரிசல்வாசி: தடம் யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் எங்கள் தெரு 12 அடிதான், வண்டியை ஒடித்துத்தான் உள்ளே விடணும். சக்கரம் தடத்தில் நிற்காது. அம்மா வேறு ஜல்லி மேல் நடக்க முடியாது என்கிறார்.

கிணற்றடி: அப்படியானால் கேட் பக்கம் முதல் 8 அடி முழுத்தளம், அதற்கப்புறம் தடம்.

கொத்தனார் மகன்: அது நியாயம். பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமென்ட் என்றால் பாத்தி கட்டிக் குறைந்தது 10 நாள் தண்ணீர் நிறுத்துங்கள். வாட்டம் 20 அடிக்கு 3 அங்குலம், தெருவைப் பார்த்து.

கரிசல்வாசி: அங்கேதான் சிக்கல். ரோடு மேல் ரோடு போட்டு, தெரு இப்போது எங்கள் வாசலைவிட அரை அடி உயரம்.

ஓடுமழை: அதை முதலிலேயே சொல்லக்கூடாதா! கேட்டை ஒட்டி உள்பக்கம் குறுக்கே ஒரு வாய்க்கால், மேலே கம்பி மூடி. அதை முடித்துவிட்டு வாருங்கள், மீதிச் சண்டையை அப்புறம் போடலாம்.