ஓடும் கப்பலில் கடல்நீர் சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) அதிகமாகக் காட்டுகிறது, அவசரம்

உப்புக்காற்று: இரண்டு நாளாகக் கடல்நீர் 452 காட்டுகிறது. காற்று 424, சரிதான். வங்கக்கடல் நடுவில் இவ்வளவு வராது என்கிறார் எங்கள் சார். சிஓ2 அளக்கும் அனலைசர் போய்விட்டதா? இன்றிரவு அறிக்கை அனுப்ப வேண்டும்.

நெய்தல்: 452 என்ன, பிபிஎம்மா (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு), மைக்ரோஅட்மாஸ்பியரா (அழுத்தம்)? நீரையும் வாயுவையும் சமநிலைக்குக் கொண்டுவரும் ஈக்விலிபிரேட்டர் எந்த வகை? சிஓ2 அளவு தெரிந்த ஸ்டாண்டர்ட் வாயுவை அனலைசரில் ஓட்டினீர்களா?

பாசிபிடித்தவன்: குழாய்தான். உள்ளே வழவழவென்று படலம் படிந்திருக்கும், பாக்டீரியா மூச்சுவிட்டே சிஓ2-வை ஏற்றிவிடும். நாங்கள் ப்ளீச் ஓட்டிக் கழுவினோம், மறுநாளே இறங்கியது.

உப்புக்காற்று: ஷவர் வகை, நீரைத் தூவுவது. உலர் பிபிஎம், அதாவது நீராவி நீக்கிய வாயுவில். ஸ்டாண்டர்ட் நான்கும் சரியாக வருகின்றன.

மீட்டர்மாமா: ஸ்டாண்டர்ட் சரி, காற்றும் சரி. அப்புறம் அனலைசர் மேல் என்ன பழி? இதைக்கூட யோசிக்காமலா தம்பி கப்பல் ஏறினீர்கள்? ஈக்விலிபிரேட்டரில் எத்தனை டிகிரி, கப்பலுக்குள் நீர் நுழையும் இடத்தில் எத்தனை?

உப்புக்காற்று: 31.4. நுழையும் இடத்தில் 28.9.

மீட்டர்மாமா: 2.5 டிகிரி! வழியில் நீர் சூடாகிறது. டிகிரிக்கு சிஓ2 4.23 சதவீதம் ஏறும், கடல் சிஓ2 ஆய்வாளர் டகாஹாஷி குழு 1993இலேயே சொன்ன கணக்கு. திருத்தினால் 407. நீராவியின் பங்கையும் கழித்தால் 390 மைக்ரோஅட்மாஸ்பியர் பக்கம் வரும். ஆனால் 2.5 என்பதே அசிங்கம். குழாயில் நீரோட்டம் குறைந்திருக்கும், பாருங்கள்.

பாசிபிடித்தவன்: படலம் அடைத்தாலும் ஓட்டம் குறையும்.

சோடாபுட்டி: அறிக்கையில் பிசிஓ2 (சிஓ2-வின் பகுதி அழுத்தம்) போடாதீர்கள், எஃப்சிஓ2 (ஃபுகாசிட்டி, உண்மை வாயுவின் நடத்தைக்கு ஏற்பத் திருத்திய அழுத்தம்) போடுங்கள். சோகாட் என்ற உலகக் கடல் சிஓ2 தரவுத் தொகுப்பில் அதுதான்.

நெய்தல்: இரண்டுக்கும் வித்தியாசம் 0.3 சதவீதம் சொச்சம். அவர் இருக்கும் நிலைமையில் இது எதற்கு?

சோடாபுட்டி: 390-க்கு 1.3 வருகிறதே. சோகாட்டில் மேல் தரம் வாங்க 2 மைக்ரோஅட்மாஸ்பியருக்குள் துல்லியம் வேண்டும்.

நெய்தல்: அது தெரிந்த திருத்தம், பிழை இல்லை. இரண்டையும் குழப்பாதீர்கள்.

மீட்டர்மாமா: வேறு இழை தொடங்கிச் சண்டை போடுங்கள்.

உப்புக்காற்று: நீர்க்குழாய் வடிகட்டியான ஸ்ட்ரெய்னரைக் கழற்றினேன். சொதசொதவென்று ஜெல்லிமீன் துண்டு, ஒரு கை நிறைய. இப்போது வெப்பநிலை வித்தியாசம் 0.6 டிகிரி, உலர் பிபிஎம் 417. நன்றி அண்ணே.

நெய்தல்: அந்த இரண்டு நாள் தரவு? ஓட்டம் குறைந்தபோது நீரும் வாயுவும் சமநிலைக்கு வந்ததா என்பதும் சந்தேகம்தான். நீரோட்ட மீட்டர் பதிவு இருக்கிறதா?

பாசிபிடித்தவன்: எதற்கும் ப்ளீச் ஓட்டிவிடுங்கள்.

நெய்தல்: உப்புக்காற்று, இருக்கிறீர்களா?