தலைக்கு மேலே மெதுவாகப் போன ராணுவ விமானங்கள்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

கன்னர் மகன்

ஐம்பது வருஷத்துக்கு மேல் மனதில் வைத்திருந்த ஒன்றை இறக்கி வைக்கத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். ஏர் ஓ.பி. பற்றித்தான், அதாவது பீரங்கிக் குண்டு எங்கே விழுகிறது என்று வானிலிருந்து பார்த்துச் சொல்லும் சின்ன ராணுவ விமானம். அப்பா கன்னர், அதாவது பீரங்கிப் படைக்காரர்; 25 பவுண்டர் பீரங்கி ரெஜிமென்ட்டில் வயர்லெஸ் ஆபரேட்டர். 1967இல் நாங்கள் நாசிக் பக்கம் தேவ்லாலியில் ராணுவக் குவார்ட்டர்ஸில் இருந்தோம், எனக்கு எட்டு வயது. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு பொட்டல். அதற்கு மேலே தினமும் அந்தச் சின்ன விமானம் வரும். இறக்கை மேலே, வால் பக்கம் ஒரு குட்டிச் சக்கரம், மூக்கு ஒடுங்கி நீளமாக. அப்பா அதைக் கிருஷக் என்பார், “கன்னர்களோட விமானம்டா அது” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார்.

ஒருநாள் மத்தியானம் அது வழக்கத்தைவிடத் தாழ்வாக வந்தது, பைலட்டின் முகம் தெரிந்தது, ஒரு கை வெளியே வந்து எதையோ விட்டது. செய்திப் பை. மணல் வைத்துத் தைத்த சின்ன கான்வாஸ் பை, அதன் பின்னால் சிவப்பில் நீளமாக ஒரு ரிப்பன். பழகுவதற்காகப் போட்டிருக்கிறார்கள், விழ வேண்டிய இடம் வேறு. காற்று தள்ளிக்கொண்டு வந்து என்னிடமிருந்து இருபதடி தூரத்தில் ஒரு முள்செடியில் போட்டது. அந்த ரிப்பன் செடியில் மாட்டிப் படபடத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

நான் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன். உள்ளே பென்சிலில் ஏதோ எழுதிய சீட்டு, இங்கிலீஷ், எனக்குப் படிக்கத் தெரியாது. பையையும் சீட்டையும் சாக்கடையில் போட்டுவிட்டேன். ரிப்பனை மட்டும் வைத்துக்கொண்டு, அதில் ஒரு முழம் வெட்டி அக்காவுக்குக் கொடுத்தேன். அன்று அப்பா இருட்டின பிறகுதான் வந்தார். கால் முழுக்கப் புழுதி, முழங்கை வரை முள் கீறல். பை எங்கே விழுந்தது என்று சாயந்திரம் முழுக்க நாலு பேர் தேடினார்களாம். மறுநாள் காலை அக்காவின் சடையில் சிவப்பு ரிப்பன். அப்பா அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

2004இல் போய்ச் சேர்ந்துவிட்டார். கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

ஓய்வுபெற்ற ஏர்மேன்

முதலில் ஒரு திருத்தம். ஒடுங்கின நீள மூக்கு என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் நீங்கள் பார்த்தது கிருஷக் இல்லை, ஆஸ்டர் ஏ.ஓ.பி. 9. ஆஸ்டரில் நாலு சிலிண்டரும் ஒரே வரிசையில் தலைகீழாக இருக்கும், அதனால் மூக்கு ஒல்லி. கிருஷக்கில் 225 குதிரைத்திறன் கான்டினென்டல், ஆறு சிலிண்டர், பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும், மூக்கு அகலம். அது பெங்களூர் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில், வடிவமைப்பாளர் வி.எம். கட்கே காலத்தில், புஷ்பக் என்ற சின்னப் பயிற்சி விமானத்தைப் பெரிதாக்கிச் செய்தது. 1959லேயே பறந்துவிட்டாலும் ராணுவத்துக்கு வந்தது 1965 வாக்கில்தான். அந்த வருஷங்களில் இரண்டும் இருந்தன, அப்பா எல்லாவற்றையும் கிருஷக் என்று சொல்லியிருப்பார்.

இரண்டாவது, கன்னர்களின் விமானம் என்கிற பேச்சு. ஓட்டினது பீரங்கிப் படை ஆபீசர்கள், சரி. ஆனால் அதைப் பறக்கும் நிலையில் வைத்திருந்தது விமானப்படையின் ஏர்மேன்கள், நாங்கள். 1986 நவம்பர் 1இல் ஆர்மி ஏவியேஷன் தனிப் படையாக ஆனபோது எல்லாரும் பைலட்டுகளைப் பற்றி எழுதினார்கள், துணி ஒட்டினவனைப் பற்றி யாரும் எழுதவில்லை. அது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

ஆமாம், துணிதான். கிருஷக் உடம்பு எஃகுக் குழாய்ச் சட்டம், மேலே துணி இழுத்துக் கட்டி, துணியை இறுக்கும் டோப் என்ற பூச்சைப் பூசியிருக்கும். டோப் வாசனை அறிந்தவர்களுக்குத் தெரியும், நகப் பாலிஷ் மாதிரி, இரண்டு மணி நேரத்தில் தலை கிறுகிறுக்கும். ஒருமுறை வயல்வெளியில் இறங்கியபோது பின் உடம்பில் துணி ஒரு சாண் கிழிந்துவிட்டது. தைத்து, மேலே பட்டை ஒட்டி, டோப் அடித்துக் காயவைத்தேன். கேப்டன் வந்து விரலால் தட்டிப் பார்த்தார், மத்தளம் மாதிரி சத்தம் வந்தது. “நீ ஒட்டினதுதானே? வா, ஏறு” என்றார். எனக்கு இருபத்திரண்டு வயது, அதுவரை தரையில் நின்று எண்ணெய் துடைத்தவன். பின் சீட்டில் உட்கார்ந்து, தோளுக்குப் பின்னால் இருந்த அந்த ஒட்டையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். காற்றில் அது மெல்ல அதிர்ந்தது. கீழே என்ன ஊர் போனது, ஆறு போனதா, ஒன்றும் பார்க்கவில்லை. முதல் தடவை பறந்தபோது நான் பார்த்தது ஒரு சாண் துணி மட்டுமே.

ஈப்போவிலிருந்து

ஏர்மேன் ஐயா சொன்ன அதே ஏற்பாடுதான் மலாயாவிலும் இருந்தது. 656 ஸ்குவாட்ரன், பிரிட்டிஷ் பீரங்கிப் படைக்காரர்கள் ஓட்டுவார்கள், விமானப்படை மெக்கானிக்குகள் பார்த்துக்கொள்வார்கள். 1957இல்தான் அது முழுக்க ராணுவத்திடம் போனது. எங்கள் பாட்டிக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது, அவருக்கு அது ‘சின்னக் கப்பல்’. ஆகாயக் கப்பல் என்பது சுருங்கி அப்படி ஆகிவிட்டது.

டாரூராட் காலம், அவசரகாலம், கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் காட்டுக்குள் இருந்து பிரிட்டிஷாரோடு சண்டை போட்ட காலம். 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைச் சுட்டபின் தொடங்கியது. பாட்டி இருந்த எஸ்டேட் அதே பக்கம். அவருக்குக் கொடுத்திருந்தது காட்டோரத்து நிறை, ரப்பர் மர வரிசை. விடியற்காலையில் பெரட்டு, அதாவது பெயர் கூப்பிடுவது, முடிந்து பால்மரம் வெட்டப் போனால் கொசு பிய்த்துவிடும், அதனால் தேங்காய் மட்டையைக் கொளுத்தி ஒரு ஓரமாகப் புகையவிடுவார்கள். அன்றைக்குச் சின்னக் கப்பல் வந்தது, போய்விட்டது, பிறகு திரும்பி வந்தது. திரும்பி வந்ததுதான் பாட்டியை உலுக்கிவிட்டது. காட்டுக்குள் இருந்தவர்களை இவர்கள் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள் என்பது தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: புகை, அப்புறம் காட்டுக்கு நடுவே வரிசையாகத் தெரியும் காய்கறிப் பாத்தி. பாட்டி வெறுங்காலோடு அந்த நெருப்பை மிதித்தார். அணையும்வரை மிதித்தார். உள்ளங்காலில் அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது, நாங்கள் பேரப்பிள்ளைகள் கால் பிடித்துவிடும்போது அந்த இடம் மட்டும் வழுவழுவென்று இருக்கும்.

ஹூஸ்டன்வாசி

அக்கா, படித்துவிட்டு மனசு கனத்துவிட்டது. ஆனால் ஆஸ்டரில் குண்டு கிடையாதே, பார்க்கத்தானே வரும்? பாட்டி தேவையில்லாமல் பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

என் அனுபவம் சின்னது. புளோரிடா பென்சகோலா மியூசியத்துக்குக் குடும்பத்தோடு எட்டு மணி நேரம் கார் ஓட்டிப் போனோம், ஜெட் விமானம் பார்க்க. ஒரு மூலையில் பேர்ட் டாக் என்ற சின்ன ராணுவ விமானம் நின்றது, செஸ்னா செய்தது, இரண்டே சீட். 1975 ஏப்ரல் 29இல் புவாங் லி என்ற வியட்நாம் ராணுவ மேஜர் மனைவியையும் ஐந்து குழந்தைகளையும் அதில் ஏற்றிக்கொண்டு நாட்டை விட்டுத் தப்பிக் கடலுக்கு மேல் வந்து, மிட்வே என்ற விமானம் தாங்கிக் கப்பலைச் சுற்றியிருக்கிறார். தளத்தில் இடத்தைக் காலி செய்யுங்கள் என்று சீட்டு எழுதிப் போட்டார். முதலில் போட்டவை காற்றில் கடலுக்குப் போய்விட்டன. கடைசியில் துப்பாக்கி உறையில் வைத்துப் போட்டது தளத்தில் நின்றது. கேப்டன் லாரி சேம்பர்ஸ் ஹெலிகாப்டர்களைக் கடலில் தள்ளச் சொல்லி இடம் ஒதுக்கினார். அந்தச் சீட்டும் அங்கே இருக்கிறது. என் மகள் ஐந்து வயது, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு “அஞ்சு பேரும் எங்கப்பா உட்கார்ந்தாங்க?” என்று கேட்டாள். பின் சீட்டின் அகலத்தைக் கையால் அளந்தேன். பதில் சொல்ல வரவில்லை.

கன்னர் மகன் அண்ணா, உங்கள் ரிப்பன் கதையைப் படித்ததும் அந்தத் துப்பாக்கி உறைதான் ஞாபகம் வந்தது.

ஓய்வுபெற்ற ஏர்மேன்

புவாங் லி ராணுவம் இல்லை, தென் வியட்நாம் விமானப்படை. பேர்ட் டாக்கை நிறைய நாட்டு ராணுவங்கள் ஓட்டின, அதனால் குழம்புகிறது. பாகிஸ்தான் ராணுவமும் 1965இல் எதிர்ப்பக்கம் இதையே வைத்திருந்தது, எல்-19 என்று சொல்வோம்.

ஈப்போவிலிருந்து

தம்பி, தேவையில்லாமல் பயந்தார் என்று எழுதிவிட்டீர்கள். சின்னக் கப்பல் குண்டு போடாது, இடத்தைக் காட்டிக் கொடுக்கும். அது புகை போட்டு அடையாளம் வைத்த இடத்தில்தான் பின்னால் லிங்கன் குண்டுவீச்சு விமானம் வந்து கொட்டும். காட்டோரம் புகை தெரிந்தால் மேலே இருப்பவனுக்குப் பாட்டி யார், காட்டுக்காரன் யார்? தோட்டத்தில் பகலில் ராணுவத்துக்குப் பயம், ராத்திரியில் காட்டுக்காரர்களுக்குப் பயம், அரிசிகூட அளந்துதான் கொடுத்தார்கள். நீங்கள் மியூசியத்தில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தீர்கள். பாட்டி பறக்கிற விமானத்துக்குக் கீழே நின்றார்.

ஹூஸ்டன்வாசி

மன்னித்துவிடுங்கள் அக்கா. யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

பழைய ஆல்பம்

என் மாமாவும் பீரங்கிப் படை. ஆஸ்டர் பக்கத்தில் நிற்கும் ஒரே ஒரு படம் இருந்தது, ஆல்பத்திலிருந்து நானே பிய்த்து எடுக்கப்போய் முகம் கிழிந்துவிட்டது. அவ்வளவுதான் என் கதை, ஆனால் அதனால்தான் இதை எழுதுகிறேன். இப்படிப் படம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். கறுப்புத் தாளில் பசை போட்டு ஒட்டிய படத்தைப் பிய்க்காதீர்கள், பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள், 600 டிபிஐ போதும். ஸ்டுடியோவில் கொடுத்தால் “கிளீன் பண்ணித் தரேன்” என்று வாலில் இருக்கும் எண்ணையும் சேர்த்து அழித்துவிடுவார்கள், மூலத்தைத் தொடாத ஒரு பிரதி முதலில் உங்கள் கைக்கு வரட்டும். அந்த எண்தான் முக்கியம், எந்த விமானம், எந்த வருஷம் என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும். பின்பக்கம் எழுத மிருதுவான பென்சில், பேனா கூடாது, மை முன்னால் ஊறிவிடும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் படத்தைக் காட்டிப் பேசவிட்டுப் போனில் பதிவு செய்யுங்கள், நடுவில் கேள்வி கேட்காதீர்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தை லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். சர்வீஸ் விவரம் வேண்டுமென்றால் ஆர்மி நம்பரோடு நாசிக் ரோடு கேம்ப்பில் உள்ள ஆர்ட்டிலரி ரெகார்ட்ஸுக்கு எழுதிப் பாருங்கள், வாரிசு என்பதற்கான காகிதத்தையும் இணையுங்கள்.

கன்னர் மகன்

ஏர்மேன் ஐயா, ஆஸ்டர் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு அது கிருஷக்தான், அப்பா வாயில் வந்த பெயர் அது. துணி ஒட்டினவர்களைப் பற்றி நான் இதுவரை நினைத்ததே இல்லை, நீங்கள் எழுதியது நல்லது.

நேற்று ராத்திரி அக்காவுக்குப் போன் போட்டு முழுவதையும் சொல்லிவிட்டேன். ரிப்பன் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது, நான் கடையில் வாங்கியதாக நினைத்திருக்கிறாள். ஆனால் அந்தக் காலை அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் அவளுக்கு முன்னாலேயே பள்ளிக்கு ஓடிவிட்டேனாம். அப்பா அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சிவப்பு ரிப்பனை அவிழ்த்துவிட்டு, அம்மாவின் கறுப்பு ரிப்பனை எடுத்து அவரே கட்டிவிட்டாராம். அப்பாவுக்குச் சடை பின்னத் தெரியாது, கோணலாகக் கட்டினதில் பள்ளியில் எல்லாரும் சிரித்தார்கள், அதனால்தான் ஞாபகம் என்கிறாள். சிவப்பு ரிப்பனை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டியூட்டிக்குப் போயிருக்கிறார்.