புதுப்பிப்பு: பீஃப் ஸ்ட்யூ, கறி ஏன் இளகவில்லை?

முன்பு போட்ட ஐரிஷ் ஸ்ட்யூ அளவுக்கு (1 கிலோ கறி, 440 மி.லி. கறுப்பு ஸ்டவுட் பியர், 500 மி.லி. எலும்புச் சாறு, 150 டிகிரி அவனில் மூடி இரண்டரை மணி நேரம்) வந்த கேள்விகளில் பாதி ஒன்றேதான்: கறி ரப்பர் மாதிரி இருக்கிறது.

முதலில் துண்டைப் பாருங்கள். கொழுப்பில்லாத தொடைக்கறி எவ்வளவு வெந்தாலும் வறண்டுதான் போகும். தோள்பட்டையோ முன்னங்காலோ வேண்டும். அதில் வெள்ளையாக ஓடும் சவ்வு மெல்லக் கரைந்தால்தான் கறி இளகும், சாறும் உதட்டில் லேசாக ஒட்டும். ஒன்றரை மணி நேரத்தில் குத்திப் பார்த்தால் கடினமாகத்தான் இருக்கும். பயப்படாமல் இன்னும் விடுங்கள். தளதளவென்று கொதிக்க மட்டும் விடாதீர்கள், ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி போதும்.

கேரட், உருளைக்கிழங்கு கடைசி 50 நிமிடத்துக்கு. கசப்பு தூக்கலாக இருந்தால் ஸ்டவுட் அதிகம் சுண்டியிருக்கும்: ஒரு தேக்கரண்டி நாட்டுச் சர்க்கரை சேருங்கள்.

குக்கரில் செய்பவர்கள் எலும்புச் சாற்றைப் பாதியாக்குங்கள், அதில் ஆவியாவது குறைவு. 35 நிமிடம் வைத்து, ஆவி தானாக அடங்கட்டும். வெயிட்டைத் தூக்கி ஆவியை விட்டால் கறி சட்டென்று நீர் விட்டு இறுகிவிடும்.